பள்ளியை மூடாமல் பிள்ளைகளைக் காப்பது: தோட்டத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பள்ளிக் கூட்டங்களிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் ஒரு தாய். கோறனி (கோவிட்-19) ஓய்ந்ததும் இந்தக் கேள்விகளும் ஓய்ந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். 2025 அக்டோபரில் நாடு முழுக்க ஏறக்குறைய 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்ஸா காய்ச்சல் கண்டு சில பள்ளிகள் மூடப்பட்டபோது, அதே கேள்விகள் அப்படியே திரும்பி வந்தன.

நோய் பரவுகிறது என்றால் பள்ளியை மூடிவிடுவதுதானே நல்லது?

புதிய நோய், அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்ற நிலையில் சில வாரம் மூடுவதில் நியாயம் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாம் இருந்தது அந்த நிலையில்தான். ஆனால் அதன்பிறகு நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை மார்ச் நடுவோடு வீட்டுக்கு வந்தது. ஜூலை 22-இல் திரும்பப் போனது. நவம்பர் 9-இல் நாடு முழுக்கப் பள்ளிகள் மறுபடி மூடின. 2021 மார்ச் 1-இல் இரண்டாம் ஆண்டு மாணவனாக உள்ளே போனவன் மே மாதத்தில் மீண்டும் வீட்டுக்கு வந்தான். அக்டோபரில்தான் படிப்படியாகத் திறந்தார்கள், அதுவும் பாதி வகுப்பு ஒரு வாரம், மறுபாதி அடுத்த வாரம் என்று. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்க வேண்டிய இரண்டு வருடம் இப்படிப் போனது.

வீட்டிலிருந்து கற்றல் என்றார்கள். கல்வி அமைச்சு 2020-இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. தோட்டத்து வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. அது அப்பாவின் சட்டைப் பையில், செம்பனைக் காட்டுக்குள் இருக்கும். அவர் திரும்பும்போது மணி மூன்று; ஆசிரியரின் இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு காலையிலேயே முடிந்திருக்கும். இணையம் நன்றாக உள்ள நெதர்லாந்திலேயே, பள்ளிகள் எட்டு வாரம் மூடியதில் பிள்ளைகளின் படிப்பு ஐந்தில் ஒரு பங்கு ஆண்டளவு பின்தங்கியது என்றும், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதல் என்றும் ஓர் ஆய்வு சொன்னது. தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடும் இருக்கிறது. பள்ளியில் தரும் கூடுதல் உணவுத் திட்டத்தில்தான் சில பிள்ளைகள் ஒழுங்காகப் பசியாறுகிறார்கள். பள்ளி மூடினால் அந்தத் தட்டும் போய்விடும். ஆக, பள்ளியை மூடுவது கடைசியாகச் செய்யும் காரியமாக இருக்கட்டும். அதற்குமுன் செய்ய வேண்டியவை நிறைய உண்டு, பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

பள்ளியில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எது?

காற்று. கோறனி ஆகட்டும், இன்ஃபுளுவென்ஸா ஆகட்டும், மூச்சோடும் பேச்சோடும் இருமலோடும் வெளிவரும் நுண்துளிகளால் பரவுகிறது. கோறனியின் நுண்துளி மூடிய அறையில் புகைபோல மிதந்துகொண்டே இருக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் 2021-இல் தெளிவாக ஒப்புக்கொண்டது. அறையில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், காற்று மாறிக்கொண்டே இருந்தால் அடுத்தவர் உள்ளே இழுக்கும் அளவு குறைந்துவிடும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023-இல் ஓர் அளவு சொன்னது: அறையின் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது மாற வேண்டும்.

நம் பழைய தோட்டத்துப் பள்ளிக் கட்டடங்கள் இதற்குத் தோதானவை. ஒரே வரிசை வகுப்பறை, முன்னால் நடைபாதை, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பட்டை அடுக்கிய சன்னல், உயரமான கூரை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டைகள் துருப்பிடித்துப் பாதி சன்னல்கள் திறப்பதே இல்லை. சிலவற்றின் முன்னால் அலமாரியை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் சிலவற்றில் பிள்ளைகளின் ஓவியங்களை ஒட்டி அடைத்திருக்கிறார்கள். கூட்டுப்பணியின்போது சுவருக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னால் சன்னல் கைப்பிடிகளுக்கு எண்ணெய் விடுங்கள், அலமாரிகளை நகர்த்துங்கள். எதிரெதிர்ச் சுவரில் இருக்கும் சன்னல்கள் இரண்டுமே திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வரும், வெளியே போக வழி இருக்காது.

காற்று நகர்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வகுப்பறை நடுவில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்து நில்லுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து சன்னலை நோக்கிப் போனால் சரி. நேரே மேலே எழும்பிக் கூரையடியில் மண்டினால் அந்த அறையில் காற்றோட்டம் இல்லை. அதன்பிறகு மேல்விசிறியைப் போட்டுப் பாருங்கள்: புகை அறை முழுவதும் கலந்து பரவும், ஆனால் வெளியே போகாது. மேல்விசிறி காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஒரு நிற்கும் விசிறியை சன்னலோரம் வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் உள்காற்றை வெளியே தள்ளும். எதிர்ச் சன்னல் வழியாகப் புதுக்காற்று வரும்.

சங்கத்தில் கொஞ்சம் பணம் இருந்தால் கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி வகுப்பு வகுப்பாக வைத்துப் பார்க்கலாம். நாம் விடும் மூச்சுதான் அந்த எண்ணை ஏற்றுகிறது. வெளியே ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். வகுப்பில் 800-க்குள் இருந்தால் நிம்மதி. நம் நாட்டின் உள்ளறைக் காற்றுத்தர வழிகாட்டி வைத்திருக்கும் உச்சவரம்பு 1,000.

குளிர்சாதனம் போட்ட அறை சுத்தமானது இல்லையா?

இல்லை. பள்ளிகளில் மாட்டியிருக்கும் சுவர்க் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிராக்கி அதே அறைக்குள் விடுகிறது. வெளிக்காற்று ஒரு சொட்டும் வராது. கணினி அறை, பாலர் பள்ளி அறை, ஆசிரியர் அறை மூன்றும்தான் நம் பள்ளிகளில் ஆபத்தான இடங்கள். நோய் பரவும் காலத்தில் குளிர்சாதனத்தை அணைத்து சன்னலைத் திறப்பது நல்லது. பகல் வெயிலில் முடியவில்லை என்றால் சன்னலைக் கொஞ்சம் திறந்தபடியே குளிர்சாதனத்தைப் போடுங்கள். மின்கட்டணம் கூடும், ஆனால் ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் பள்ளி தானாகவே மூடிவிடும்.

வாரம் ஒருமுறை மருந்து தெளிக்க ஆளை அழைக்கலாமா? சங்கத்தில் வசூல் செய்கிறோம்.

அந்தப் பணத்தைக் காற்றுக்குச் செலவழியுங்கள். வெள்ளைப் புகை அடிப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய காரியம் நடந்ததுபோல மனத்துக்குத் தெம்பாக இருக்கும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே கட்டடத்துக்குள் வழக்கமாகத் தெளிப்பதையும் தெருவில் தெளிப்பதையும் பரிந்துரைக்கவில்லை. ஆள்மேல் தெளிப்பதை எந்த நிலையிலும் கூடாது என்றது. மேசையைத் தொடுவதால் கோறனி தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளைகள் கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுவது வேறு விஷயம். அது கை, கால், வாய்ப்புண் நோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் அவசியம். தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும் தோட்டங்களில், தெளிப்பு மருந்தைவிடக் குழாயடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பது எத்தனையோ மேல்.

முகக்கவரி சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டுமா?

ஐந்து வயதும் அதற்குக் கீழும் வேண்டாம். ஆறிலிருந்து பதினொன்று வரை, நோய் எவ்வளவு பரவுகிறது, பிள்ளையால் ஒழுங்காகப் போட முடிகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலத்தான். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2020 ஆகஸ்டில் சொன்னது இது. என் கருத்தையும் சொல்கிறேன்: மொழி கற்கும் சின்னப் பிள்ளைக்கு ஆசிரியரின் வாய் அசைவு தெரிய வேண்டும். நல்ல காற்றோட்டம் உள்ள வகுப்பில், நோய் அதிகம் இல்லாத நாளில், கவரி இல்லாமல் பாடம் நடக்கட்டும். வேனிலும் கிளினிக்கிலும் கண்டிப்பாகப் போடட்டும்.

பள்ளி வேன் பரவாயில்லையா?

பள்ளியைவிட வேன்தான் எனக்குக் கவலை. கூடுதலாக ஏற்றிக்கொண்டு, சன்னலை அடைத்து, குளிர்சாதனத்தைப் போட்டு, மூன்று தோட்டத்தைச் சுற்றி அரைமணி நேரம் வரும் வேனில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் எல்லாருக்கும் வந்துவிடும். வகுப்பு வாரியாகப் பிரித்து உட்காரவைத்ததெல்லாம் அங்கே வீணாகிறது. ஓட்டுநரிடம் பேசுங்கள்: முன்னால் ஒரு பக்கச் சன்னலும் பின்னால் எதிர்ப்பக்கச் சன்னலும் நாலு விரல் அளவு திறந்திருக்க வேண்டும், மழை பெய்தாலும்கூட. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் அதே இடம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பக்கத்தில் பக்கத்தில். அவர் மறுத்தால் சங்கத்தின் மூலம் பேசலாம்; அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிற்றுண்டிச்சாலையில் எல்லாரும் கவரியைக் கழற்றிச் சாப்பிடுகிறார்களே?

உண்மைதான், சாப்பிடும் நேரம்தான் பலவீனமான நேரம். வகுப்புக்கு ஒரு நேரம் என்று ஓய்வு நேரத்தைப் பிரிக்கலாம். நடைபாதையிலோ மரத்தடியிலோ பாய் விரித்துச் சாப்பிடவைக்கலாம். இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை பத்து மணிக்கு வெளியே உட்கார எந்தத் தடையும் இல்லை. சபைகூடலும் திடலில்தான், மண்டபத்தில் வேண்டாம்.

காலையில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் பெற்றோர் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். நெற்றியில் கைவைத்துப் பார்த்தால் லேசாகச் சூடு. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வெட்டும் குலைக்குக் கூலி என்றால் அதுவும் இல்லை. காய்ச்சல் மருந்தை ஒரு கரண்டி ஊற்றி, பக்கத்து வீட்டு அக்காவிடம் வேனில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எட்டரை மணிக்கு மருந்து வேலை செய்யும், பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பத்து மணிக்கு மறுபடி சுடும். அதற்குள் வகுப்பு முழுக்க அந்தக் காற்றை இழுத்திருக்கும்.

அந்தத் தாயைத் திட்டிப் பயனில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள். ஆனால் அது தொழிலாளி நோயாளியானால்தான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தனியார் துறையில் சட்டப்படி ஒருநாள்கூட இல்லை. நோயுள்ள பிள்ளை வீட்டில் இருக்க முடிந்தால்தான் பள்ளி திறந்திருக்க முடியும். அதற்கு யாரோ ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரே லயத்தில் நான்கைந்து குடும்பம் சேர்ந்து, எந்தக் கிழமை யார் வீட்டில் இருப்பார் என்று எழுதிவைக்கலாம். ஓய்வுபெற்ற உறவினர் அறுபதைத் தாண்டியவர் என்றால் நோயுள்ள பிள்ளையை அவரிடம் விடாதீர்கள். ஆபத்து அவருக்குத்தான் அதிகம். ஆண்டு விடுப்பில் இரண்டு நாளைப் பிள்ளையின் காய்ச்சலுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் எழுத்தில் விண்ணப்பிக்கத் தொழிலாளிக்கு வழி உண்டு; 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தோட்டங்களில் இதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள்.

காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்தால், பிள்ளை சாப்பிட்டு விளையாடினால், பள்ளிக்கு அனுப்பலாம். மூச்சு வாங்கினால், தண்ணீர் குடிக்காவிட்டால், எழுப்பினால் எழாவிட்டால் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

வராத நாளுக்குப் பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வருமே?

ஆசிரியருக்குக் காலையிலேயே புலனத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், பிறகு கடிதமோ கிளினிக் சீட்டோ கொடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), காத்திருப்பதுதான் சிரமம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவருக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தக் கோப்பைக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு. பெற்றோரும் பெருமையோடு அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான், ஆனால் அது தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

வீட்டில் பாட்டி இருக்கிறார். பள்ளியிலிருந்து பிள்ளை நோயைக் கொண்டுவந்தால்?

பயம் நியாயமானது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், வயதானவர்களுக்கும் சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களுக்கும் அப்படி இல்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதைவிடப் பாட்டியைப் பாதுகாப்பது எளிது. அவருக்குத் தடுப்பூசி பாக்கி இல்லாமல் போட்டிருக்க வேண்டும். பரவல் அதிகமாக உள்ள வாரங்களில் பேரப்பிள்ளையோடு ஒரே அறையில் படுக்க வேண்டாம். பேசிக்கொண்டிருப்பது, பாடம் கேட்பது எல்லாம் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) காற்றாட நடக்கட்டும்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் பள்ளி முழுவதையும் மூட வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். அந்த வகுப்பைக் கவனித்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், அதே வேனில் வந்தவர்கள் யார் என்று பார்த்துச் சோதிக்க வேண்டும். இதில் சின்னத் தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு நன்மை இருக்கிறது. 150 பேருக்குக் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று சொல்லிக் குறையாகவே பேசுகிறோம். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் இடைவெளி தானாகவே கிடைக்கிறது, யார் யாரோடு பழகினார்கள் என்பது ஆசிரியருக்கு மனப்பாடமாகத் தெரியும். நகரத்தில் 35 பேர் உட்காரும் வகுப்பில் இது கனவு.

கோறனியை வீட்டிலேயே சோதிக்கும் கருவிக்கு 2021 செப்டம்பரில் அரசாங்கம் 19 வெள்ளி 90 காசு என்று உச்சவிலை வைத்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது அன்றைய ஒருநாள் கூலியைத் தாண்டியது. அந்தச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டினால் யாரும் சோதிக்கமாட்டார்கள். பள்ளியில் இலவசமாக இருக்க வேண்டும்.

புகைமூட்டம் வந்தால் சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

இரண்டு ஆபத்தில் எது அன்றைக்குப் பெரியது என்று பார்க்க வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது 2023-இல் கல்வி அமைச்சு சொன்ன விதி. நடுவில் உள்ள நாள்களில் சன்னலைப் பாதி அடைத்து, நல்ல வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மிக் கருவியை ஓடவிடலாம். அது புகையையும் பிடிக்கும், நோய்த் துளிகளையும் பிடிக்கும்.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கட்டாயமா?

இல்லை. 2021 செப்டம்பரில் 12 முதல் 17 வயது வரைக்கும், 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயது வரைக்கும் கோறனித் தடுப்பூசி தொடங்கியது, பெற்றோர் விருப்பப்படி. ஆஸ்துமாவோ வேறு நாள்பட்ட நோயோ உள்ள பிள்ளை என்றால் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள், புலனத்தில் சுற்றிவரும் ஒலிப்பதிவைக் கேட்டு வேண்டாம்.

எப்படியும் மூடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்?

வரலாம், மறுக்கவில்லை. அப்போது யாரை முதலில் உள்ளே விடுவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 2020 ஜூன் 24-இல் தேர்வு எழுதும் படிவம் 5, 6 (இடைநிலைப்பள்ளி மேல்வகுப்பு) மாணவர்களைத்தான் முதலில் அழைத்தார்கள். 2021 மார்ச்சில் பாலர் பள்ளி, முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை முதலில் அழைத்தார்கள். இரண்டாவதுதான் சரி. பதினேழு வயதுப் பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓரளவு தானாகப் படிக்கும். ஏழு வயதுக்கு ஆசிரியர் கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டும், திரையில் அது நடக்காது.

மூடியிருக்கும் நாள்களில் பயிற்சித் தாள்களை வாரம் ஒருமுறை தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எழுதியதை வாங்கிப்போக ஏற்பாடு வேண்டும். பள்ளி உணவுக்கான பணம் உலர் உணவுப் பொட்டலமாகப் பிள்ளையின் வீட்டுக்கு வர வேண்டும். மூடும் கடிதத்தில் 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று எழுதவிடாதீர்கள். எந்தத் தேதியில் மறுபடி கூடிப் பேசுவோம், எந்த நிலை வந்தால் திறப்போம் என்பது அதே கடிதத்தில் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிடமும் எழுத்தில் கேளுங்கள். சங்கத்தின் முத்திரையோடு போகும் கடிதத்துக்குப் பதில் வராமல் இருக்காது.